கொழும்பில போடிங், ஊரில வீடு: மனச்சோர்வு எண்டு எப்ப சொல்றது, எங்க காட்டுறது?

களுதாவளை வெத்திலை எழுதியது:

எங்கட பக்கத்து இளைஞர் கழகத்துக்காக ஒரு தாள் தயாரிக்கிறம். கொழும்பில போடிங் (வாடகை அறை) எடுத்து வேலை செய்யிற பிள்ளைகளுக்கும், இஞ்ச இருக்கிற அவங்கட வீட்டாருக்கும் குடுக்கிறதுக்கு. தேடினா வாறதெல்லாம் "நடவுங்க, தியானம் செய்யுங்க, மனம் விட்டுக் கதையுங்க" எண்டதோட நிண்டு போகுது. அதைத் தாண்டி விசயம் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க.

வேலைக் களைப்பையும் மனச்சோர்வையும் சாதாரண ஒரு ஆள் எப்படிப் பிரிக்கிறது? ஆஸ்பத்திரிக்குப் போனா அங்க என்னதான் நடக்கும்? குளிசை துவங்கினவங்க பாதியில விடுறாங்களே, அது ஏன்? போடிங் அறைக்குள்ள இருந்துகொண்டே செய்யக்கூடியது என்ன? சொந்தக் கதை வேணாம், தாளில ஏத்தக்கூடியதாச் சொல்லுங்க.

கிளினிக்கொப்பி எழுதியது:

முதல் கேள்விக்கு மட்டும் நான் சொல்றன்.

லீவு கிடைச்சா மாறுதா எண்டு பாருங்க. சித்திரை வருசத்துக்கு வந்து நாலு நாள் நல்லா நித்திரை கொண்டு, வீட்டுச் சோறு சாப்பிட்டு, கூட்டாளிமாரோட கடற்கரைக்குப் போய் வந்தா களைப்பு இறங்கிடும். மனச்சோர்வு இறங்காது. ஊருக்கு வந்தும் அறைக்குள்ளயே கிடக்கும். கூப்பிட்டா "நீங்க போங்க, நான் வரல்ல" எண்டு சொல்லும். முந்தி ரெண்டாந்தரம் கேட்டு வாங்கின நண்டுக் கறி முன்னால இருந்தாலும் கை போகாது. கன பேர் அழவே மாட்டாங்க. அழுகையை விட இந்த ஒண்டிலயும் ஒட்டாத தன்மைதான் நம்பக்கூடிய அடையாளம்.

டொக்டர்மார் பார்க்கிற கணக்கு இது. மனம் இருண்டு கிடக்கிறது, அல்லது விருப்பம் அத்துப்போறது, இந்த ரெண்டில ஒண்டு கட்டாயம் இருக்க வேணும். அதோட நித்திரை, பசி அல்லது நிறை, உடம்பில வலு இல்லாமை, ஒரு விசயத்தில மனம் நிக்காமை, தன்னைத்தானே குற்றம் சொல்றது, மற்றவங்க கண்டு சொல்ற அளவுக்கு மந்தம் அல்லது அந்தரம், சாவைப் பற்றின எண்ணம். மொத்தம் ஒன்பதில அஞ்சு, பெரும்பாலான நாள்களில, ரெண்டு கிழமைக்குக் குறையாமல் இருந்து, வேலையோ வீட்டுச் சீவியமோ இடறினா அது மனச்சோர்வு. ஒரு கிழமைக்குள்ள தீர்ப்புச் சொல்ல வேணாம். ஆனா சாவு எண்ணம் இருந்தா ரெண்டு கிழமை எண்ணிக்கொண்டிருக்கவும் வேணாம், அண்டைக்கே காட்டுங்க.

தாளில போடுறதுக்கு பிஎச்கியூ-9 எண்ட வினாத்தாள் பொருத்தம். ஒன்பது கேள்வி, ஒவ்வொண்டுக்கும் 0 முதல் 3 வரை, கூடினது 27. 5 வந்தா இலேசு, 10 நடுத்தரம், 15 நடுத்தரத்துக்கு மேல, 20 கடுமை. 10-ஓ அதுக்கு மேலயோ வந்தா ஒரு வைத்தியரிட்டக் காட்டுறது எண்டு வைச்சுக்கொள்ளுங்க. கடைசிக் கேள்வி சாவு எண்ணம் பற்றினது. கூட்டுத்தொகை 4 ஆனாலும் அந்த ஒரு கேள்விக்கு 0 இல்லாட்டி அதைத் தனியாக் கதைக்க வேணும். இது நோயைச் சந்தேகிக்கிற தாள்தான், நோயை உறுதி செய்யிற தாள் இல்ல.

மொழியைக் கவனியுங்க. "கடந்த இரு வாரங்களில் செயல்களில் ஆர்வம் குன்றியதா?" எண்டு கேட்டா எங்கட ஆக்கள் இல்லை எண்டுதான் சொல்லுவாங்க. "முந்தி ஆசைப்பட்டுச் செஞ்சது இப்ப வேணாம் எண்டு கிடக்கா? மேட்ச் பார்க்கிறயா? கடைசியா எப்ப சிரிச்ச?" எண்டு கேட்டா பதில் வரும். மனம் எண்ட சொல்லையே எடுக்காம உடம்பைச் சொல்ற ஆக்கள்தான் இஞ்ச கூட. தலை விறைக்குது, நெஞ்சு பாரமாக் கிடக்கு, உடம்பு உளையுது, கேஸ்ரிக். ஈசிஜி எடுத்து, கேஸ்ரிக் குளிசை போட்டு, மூண்டு டொக்டர் மாறி, எல்லா ரிப்போட்டும் சரி எண்டு வந்த மறுகாதான் உண்மை வெளிக்கும். விடியச்சாமம் மூண்டு, நாலு மணிக்கு முழிப்பு வந்து மறுகா கண் மூடாமல் கிடக்குதா, காலையில கூடவும் பின்னேரம் கொஞ்சம் குறையவும் இருக்குதா எண்டு கேளுங்க. அந்த ரெண்டும் இருந்தா மனச்சோர்வை நினையுங்க.

மறுபக்கமும் இருக்கு. தைரொயிட் குறைஞ்சாலும், இரத்தம் குறைஞ்சாலும், சீனி கூடினாலும், மரக்கறி மட்டும் சாப்பிடுறவங்களுக்கு பி12 குறைஞ்சாலும் இதே மாதிரித்தான் இருக்கும். அதனால டிஎஸ்எச் (தைரொயிட் பார்க்கிற சோதனை), எஃப்பிசி (இரத்த அணுக்களை எண்ணுற சோதனை), வெறுவயிற்றுச் சீனி, இந்த மூண்டையும் டொக்டர் கேட்டா அலுப்புப் படாமல் செய்யுங்க. குடி இருந்தா மறைக்க வேணாம். பின்னேரத்தில நித்திரைக்கு எண்டு எடுக்கிற தண்ணி ராவிண்ட பின்பாதியில நித்திரையை உடைக்கும், போகப் போக மனத்தையும் உடைக்கும். நாள் தவறாமல் நிறையக் குடிக்கிற ஆளைத் திடீரெண்டு நிப்பாட்டச் சொல்லவும் வேணாம். கை நடுக்கம், வலிப்பு எண்டு ரெண்டு நாளைக்குள்ள ஆபத்து வரலாம், அதை வைத்தியர் பார்வையில செய்ய வேணும்.

நிந்தவூர் ராத்தா எழுதியது:

ஆஸ்பத்திரியில என்ன நடக்கும் எண்ட பயத்திலதான் பாதிப் பேர் வாசலோட திரும்புறாங்க, அதனால அதை விரிவா எழுதுறன்.

"அங்கொடை" (கொழும்புக்குக் கிட்ட பெரிய மனநல ஆஸ்பத்திரி இருக்கிற இடம்) எண்டு கேலி பண்ணிப் பண்ணி, உளநலம் எண்டாலே கொழும்புக்குக் கொண்டுபோய் அடைக்கிறது எண்டு ஒரு எண்ணம் இருக்கு. 2005-இல வந்த தேசிய உளநலக் கொள்கைக்குப் பிறகு இந்தச் சேவையை மாவட்டங்களுக்குப் பரவவிட்டிருக்கு. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில உளநலப் பிரிவு இருக்கு. அம்பாறை மாவட்டப் பொது வைத்தியசாலை, கல்முனை எண்டு இந்தக் கரையிலயே காட்ட இடம் இருக்கு. மற்ற ஆதார வைத்தியசாலைகளில கிளினிக் நாள் இடத்துக்கு இடம் மாறும், போன் எடுத்துக் கேட்டுட்டுப் போங்க. போயா (பௌர்ணமி லீவு) நாளில போய் நிண்டு ஏமாறாதீங்க. காசு இல்ல, குளிசையும் இலவசம்.

எந்தப் பிரிவு எண்டு தெரியாட்டி வெளிநோயாளர் பிரிவில துண்டு எடுத்து "நித்திரை இல்ல, மனம் சரியில்ல" எண்டு அந்த ரெண்டு சொல்லைச் சொன்னாலே போதும், அவங்களே அனுப்புவாங்க. முதல் நாள் சுணங்கும், அரை நாள் எண்டு வைச்சுக்கொள்ளுங்க. எப்ப துவங்கினது, நித்திரை எப்படி, குடும்பத்தில ஆருக்கும் இருந்ததா, முந்தி எப்பவாவது நித்திரையே இல்லாமல் நாலஞ்சு நாள் பெரிய உசாரா, காசை அள்ளி விட்டு, கதை நிக்காமல் இருந்ததா எண்டெல்லாம் கேப்பாங்க. இந்தக் கடைசிக் கேள்விக்கு ஓம் எண்டா மறைக்கக் கூடாது. அது இருமுனை நோய் எண்ட வேற வகையாக இருக்கலாம். மனச்சோர்வுக் குளிசையை மட்டும் தனியாக் குடுத்தா ஆள் அந்த மட்டுமீறின உசார்ப் பக்கம் பாய்ஞ்சிடலாம். ஆளை நல்லாத் தெரிஞ்ச ஒருவர் கூடப் போறது இதுக்காகத்தான், ஏனெண்டா அந்த உசாரான காலத்தை நோயாளி நோய் எண்டே நினைச்சிருக்க மாட்டார். ஆனா கொஞ்ச நேரம் ஆளைத் தனிய டொக்டரோட விடுங்க. உம்மாவுக்கு முன்னால எவனும் குடியையும் கடனையும் சொல்ல மாட்டான்.

ஆரிட்ட என்ன கிடைக்கும் எண்டதிலயும் குழப்பம் இருக்கு. மனநல வைத்திய நிபுணரும் உளநல வைத்திய அதிகாரியும் மருந்து எழுதுவாங்க. உளவளத்துணையாளர் மருந்து எழுத மாட்டார், கதைச்சு வழி எடுத்துத் தருவார். பிரதேச செயலகங்களிலயும் உளவளத்துணை உத்தியோகத்தர்மார் இருக்காங்க. கடன், குடும்பச் சண்டை, கலியாணப் பேச்சு எண்டு அடியில கிடக்கிற சிக்கலுக்கு அவங்க நல்லம். இலேசான மனச்சோர்வுக்கு மருந்து இல்லாமல் அவங்களோடயே துவங்கலாம். சாப்பாடு தண்ணி இறங்காமல், சாவு எண்ணத்தோட இருக்கிற ஆளைப் பிரதேச செயலகத்துக்கு அனுப்பி நாளைக் கடத்தக் கூடாது.

ஓதிப் பார்க்கிறதும், கோயிலில நூல் கட்டுறதும் நடக்கத்தான் செய்யும். அதை மறிச்சுச் சண்டை பிடிச்சா வீட்டில உள்ள மூத்தவங்க கிளினிக்கையும் மறிப்பாங்க. "அதுவும் நடக்கட்டும், இதுவும் நடக்கட்டும்" எண்டு விடுங்க. ரெண்டு இடத்தில மட்டும் விட்டுக்கொடுக்க வேணாம். ஒண்டு, அடி, புகை, பட்டினி எண்டு உடம்பை வருத்துற எதுவும். மற்றது, "குளிசையை நிப்பாட்டினாத்தான் இது பலிக்கும்" எண்டு சொல்ற ஆள்.

கொழும்பு ஆறு எழுதியது:

குளிசை, கிளினிக் எண்டு பொடியன்மாரை நோயாளி ஆக்குறதா? இது நகரத்து வாழ்க்கைத் தாக்கம். ஜிம்முக்குப் போனா, போனை வைச்சா, சரியாகும். அந்தக் குளிசைகள் ஒருக்காப் பழகினா வாழ்நாள் முழுக்க விட ஏலாது.

மருந்துத்துண்டு எழுதியது:

கொழும்பு ஆறு, பாதி சரி. இலேசான, நடுத்தரமான மனச்சோர்வுக்கு உடற்பயிற்சி உண்மையில வேலை செய்யும். கிழமைக்கு மூண்டு தரம், முக்கால் மணித்தியாலமளவு, மூச்சு வாங்கிற அளவுக்கு, ரெண்டு மூண்டு மாசம். ஆனா கட்டிலால எழும்பிப் பல்லுத் தீட்ட ஏலாத ஆளுக்கு ஜிம் எண்டு சொல்றது கால் முறிஞ்சவனுக்கு ஓடு எண்டு சொல்ற மாதிரி. அவன் போக மாட்டான், போகேல்லை எண்டு தன்னை இன்னும் திட்டுவான்.

"பழகிடும்" எண்டதில ரெண்டு வகைக் குளிசையைக் கலந்திட்டீங்க. பழக்கமாகிறது டயசிபாம், குளோனசிபாம் மாதிரி நித்திரை, பதட்டக் குளிசைகள். அதை ரெண்டு, கூடினா நாலு கிழமைக்கு மேல தொடர்ந்து எடுக்கிறது நல்லமில்ல. பழைய துண்டைக் காட்டிப் பாமசியில திரும்பத் திரும்ப வாங்கிறதும், கூட்டாளியிட்ட ரெண்டு வாங்கிப் போடுறதும் இந்த வகையிலதான் நடக்குது. மனச்சோர்வுக்கு வழமையாத் துவங்கிறது ஃபுளுவொக்செற்றின், சேர்ட்ரலின், எஸிற்றலோப்ராம் மாதிரியானவை. இதுகளுக்கு அந்த ஏக்கமும், அளவைக் கூட்டிக் கூட்டி எடுக்க வேண்டிய தேவையும் வாறதில்ல. திடீரெண்டு நிப்பாட்டினா தலைச்சுத்து, எரிச்சல், தலைக்குள்ள கரண்ட் அடிச்ச மாதிரி உணர்வு வரலாம். அதனாலதான் கிழமைக் கணக்கில குறைச்சுக் குறைச்சு விடுறது. அதுக்குப் பெயர் அடிமை இல்ல.

இனி, ஏன் பாதியில விடுறாங்க எண்டது. விடுற இடம் ரெண்டுதான். முதல் பதினைஞ்சு நாள், அடுத்தது மூண்டாம் மாசம்.

முதல் பதினைஞ்சு நாளில நடக்கிறது இது. குளிசை போட்ட அண்டைக்கே ஓங்காளம், தலையிடி, வயிறு இளகல், சில பேருக்கு ஒரு அந்தரம் வரும். மனம் தெளியத் துவங்க ரெண்டு முதல் நாலு கிழமை எடுக்கும், முழுப் பலன் தெரிய ஆறு எட்டுக் கிழமை. அதாவது தொல்லை முதல் வருது, நன்மை பிறகு வருது. இதை ஆரும் முன்கூட்டிச் சொல்லாட்டி "இது எனக்கு ஒத்துவரல்ல" எண்டு பத்தாம் நாள் விட்டிடுவாங்க. சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்தா ஓங்காளம் குறையும். பெரும்பாலும் ஒண்டு ரெண்டு கிழமையில தொல்லை தானா அடங்கும். ஃபுளுவொக்செற்றின் 20 மில்லிகிராம் காலையில எடுக்கிறது வழமை, ராவில எடுத்தா சிலருக்கு நித்திரை போகும். சேர்ட்ரலின் 25 இல் துவங்கி 50 ஆக்குவாங்க. இந்த எண்களை எழுதுறது உங்கட துண்டை விளங்கிக்கொள்ள மட்டும். தானா வாங்கிப் போடுறதுக்கில்ல.

25 வயதுக்கு உட்பட்டவங்களில முதல் சில கிழமைகளும், அளவைக் கூட்டின கிழமைகளும் கவனமாப் பார்க்க வேண்டிய காலம். சாவு எண்ணம் சிலருக்குக் கூடலாம். மனம் தெளியிறதுக்கு முன்னால உடம்பில உசார் வந்திடும் எண்டும் சொல்றது. அந்த நாள்களில போடிங்ல தனிய விடாமல் ஊருக்குக் கூட்டிக்கொண்டு வாறது, இல்லாட்டி ஒரு கூட்டாளியை அறையில நிப்பாட்டுறது நல்லம்.

மூண்டாம் மாசத்தில நடக்கிறது வேற. ஆள் சுகமாகிடுவார். சிரிப்பார், வேலைக்குப் போவார், கலியாணப் பேச்சும் வரும். "இனி என்னத்துக்குக் குளிசை" எண்டு வீட்டாரே சொல்லுவாங்க. சுகமான நாளில இருந்து ஒன்பது முதல் 12 மாசம் தொடர வேணும் எண்டது உலக சுகாதார நிறுவனத்திண்ட 2016 வழிகாட்டல். ரெண்டாந்தரம், மூண்டாந்தரம் வந்த ஆளுக்கு ரெண்டு வருசம் எண்டும் டொக்டர் சொல்லலாம். காய்ச்சல் விட்டாலும் அன்ரிபயோட்டிக் முடியும் வரைக்கும் குடிக்கிறம்தானே, அந்த மாதிரி.

ஆம்பிளையள் வெளிய சொல்லாமல் விடுறதுக்கு இன்னொரு காரணம் இருக்கு. இந்தக் குளிசைகள் சில பேருக்குத் தாம்பத்தியத்தில ஆசையைக் குறைக்கும் அல்லது முடிவைச் சுணக்கும், குளிசை எடுக்கிற வரைக்கும் அது தொடரலாம். டொக்டரிட்ட ஒரு வசனம் சொன்னாப் போதும், அளவை மாத்தவோ மருந்தை மாத்தவோ வழி இருக்கு. சொல்லாமல் விட்டா நோய் திரும்பும்.

வேற மருந்து வாங்கைக்க இந்தக் குளிசை எடுக்கிறதைச் சொல்லுங்க. டிரமடோல் எண்ட நோவு மருந்தோட சேர்ந்தா ஆபத்தான எதிர்வினை வரலாம். டைக்ளோபெனக், இபுபுரூபன் தொடர்ந்து எடுத்தா வயித்தில இரத்தக் கசிவுக்கு வாய்ப்புக் கூடும். தலையிடிக்குப் பனடோல் பிரச்சினை இல்ல. ஒரு வேளை தவறினா அண்டைக்கு ஞாபகம் வந்த நேரம் எடுங்க, அடுத்த நாள் ரெண்டாப் போட வேணாம்.

நோன்பு காலத்தில ஒரு நாளைக்கு ஒருதரம் எடுக்கிற குளிசையை ஸஹர் சாப்பாட்டுக்குப் பிறகோ நோன்பு திறந்து சாப்பிட்ட பிறகோ மாத்தலாம். லித்தியம் (இருமுனை நோய்க்குக் குடுக்கிற மருந்து) எடுக்கிறவங்க மட்டும் டொக்டரிட்டக் கேக்காமல் நோன்பு பிடிக்கக் கூடாது. உடம்பில தண்ணி வற்றினா இரத்தத்தில அந்த மருந்து ஏறி நஞ்சாகும்.

படுவான்கரை எழுதியது:

போடிங் அறை பற்றி ஆரும் தொடல்ல. பத்துக்குப் பத்து அறை, ஒரு கட்டில், ஒரு மின்விசிறி, திறந்தா பக்கத்து மதில் தெரியிற யன்னல். சாப்பாட்டுப் பார்சல் கட்டிலில, லப்டொப் கட்டிலில, போன் கட்டிலில, நித்திரையும் கட்டிலில. அறையில வேற இடமே இல்ல. மூளைக்குக் கட்டில் எண்டா நித்திரை எண்ட தொடர்பு அறுந்து போகுது. முதல் மருந்து ஒரு பிளாஸ்டிக் கதிரை. பகிடியாச் சொல்லல்ல. சாப்பாடும் போனும் கதிரையில, கட்டில் நித்திரைக்கு மட்டும். படுத்து 20 நிமிசமளவில நித்திரை வராட்டி எழும்பிக் கதிரைக்கு வாங்க, கண் சொருகினாத் திரும்பக் கட்டில்.

நித்திரையில பிடிக்க வேண்டியது படுக்கிற நேரத்தை இல்ல, எழும்புற நேரத்தை. ஆறு மணி எண்டா சனி ஞாயிறும் ஆறு, கூடினா ஏழு. ஞாயிறு பகல் ஒரு மணி வரைக்கும் கிடந்தா அண்டைக்கு ராவு நித்திரை பிந்தும், திங்கள் விடிய நரகம். பிளேன்டீ, கோப்பி பகல் ரெண்டு மணியோட முடியட்டும். வெளிநாட்டு நேரத்துக்கு ராவில வேலை செய்யிறவங்களுக்கு இதே ஒழுங்கு தலைகீழா. வெளிச்சம் புகாத திரை, ஒரே நேரத்தில படுக்கை. ராவு ஷிப்ட், பகல் ஷிப்ட் கிழமைக்குக் கிழமை மாறுறதுதான் ஆளை முறிக்கும். மாத்தக் கேக்கிறதெண்டா "ராவு ஷிப்ட் வேணாம்" எண்டு கேக்கிறதை விட "ஒரே ஷிப்டில மூண்டு மாசம் விடுங்க" எண்டு கேக்கிறது கிடைக்க வாய்ப்புக் கூட.

மனம் வந்தாச் செய்வம் எண்டு இருந்தா இந்த நோயில மனம் வராது. செஞ்சாத்தான் பிறகு மனம் வரும். அதனால மணிக்கூட்டுக்குச் செய்யிறது. ஒரு கொப்பியில முதல் கிழமை எதையும் மாத்தாமல், என்ன செஞ்ச, அப்ப சந்தோசம் பத்தில எத்தனை, செஞ்சு முடிச்ச திருப்தி பத்தில எத்தனை எண்டு மட்டும் குறிக்க வேணும். ரெண்டாம் கிழமை, அந்தக் கொப்பியில ரெண்டு மூண்டு புள்ளியாவது கிடைச்சதைப் பார்த்து, நாளைக்கு ரெண்டு வேலையை நேரம் போட்டு எழுத வேணும். ஒண்டு உடம்பு அசையிறது, ஒண்டு ஆளோட கதைக்கிறது. அளவு வெக்கப்படுற அளவுக்குச் சின்னதா இருக்கட்டும். "5.30க்கு வெல்லவத்தைக் கடற்கரைப் பக்கம் பத்து நிமிசம் நடை", "கடைக்காரரோட ரெண்டு வசனம்". பத்து நிமிசம் மூண்டு நாள் தவறினா அஞ்சாக் குறையுங்க. நிப்பாட்ட வேணாம். கன பேர் பிழைக்கிறது இதிலதான், முதல் நாளே ஒரு மணித்தியாலம் ஓடிட்டு நாலாம் நாள் எல்லாத்தையும் விடுவாங்க. ஊரில நிக்கிறவங்களுக்குக் கல்லடிப் பழைய பாலமோ, வயல் வரம்போ போதும். வெயில் ஏற முன்னம், இல்லாட்டி பின்னேரம்.

இன்னொண்டு. எங்கட கரையில கலியாணத்துக்கு வீடு குடுக்கிறது பொம்பிளைப் பிள்ளைக்குத்தான். தமிழ் வீடும் அப்படி, முஸ்லிம் வீடும் அப்படி. அதனால கொழும்பிலயும் மத்திய கிழக்கிலயும் நிக்கிற அண்ணன், நானாமாரிண்ட தலையில தங்கச்சிண்ட வீட்டு அத்திவாரம் கிடக்கு. கிழமைக்கு ஒருக்கா வாற போனில சீமெந்து, கம்பி, மேசன் கூலிதான் கதை. காசுக் கதைக்கு மாசத்தில ஒரு நாளை ஒதுக்குங்க, மற்ற நாளில அதைத் தொட வேணாம். கடன் இருந்தா ஆருக்கு எவ்வளவு, மாசக் கட்டணம் எவ்வளவு எண்டு ஒரே தாளில எழுதிப் பார்க்கிறது. கடன் தெரிஞ்சு செத்த ஆளை விட, கடனை ஒளிச்சுத் தனிய சுமந்து செத்த ஆக்கள் கூட எண்டது என்ர எண்ணம்.

அதோட, ஊருக்குக் கூட்டிக்கொண்டு வாறது நல்லம் எண்டு மேல எழுதியிருக்கு. வயல் செய்யிற வீடெண்டா கூட்டிக்கொண்டு வர முன்னம் கிருமிநாசினிப் போத்தல்களை வீட்டால எடுங்க. பூட்டி வைக்கிறது போதாது, திறப்பு எங்க எண்டு வீட்டுப் பிள்ளைக்குத் தெரியும். போத்தல்கள் வயல் வாடிக்கோ வேற வீட்டுக்கோ போகட்டும். 1995-இல இந்த நாட்டில தற்கொலை உச்சத்தில இருந்தது. அது பாதிக்கும் கீழ இறங்கினதில கொடிய பூச்சிமருந்துகளை ஒண்டொண்டாத் தடை செஞ்சதுக்குப் பெரிய பங்கு. சாக வேணும் எண்ட அந்தத் துடிப்பு கன நேரம் நிக்கிறதில்ல. கைக்கெட்டாட்டி அந்த நேரம் கடந்து போகும்.

களுதாவளை வெத்திலை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இன்னும் ரெண்டு. கிளினிக்கைக் கொழும்பில வைக்கிறதா ஊரில வைக்கிறதா? மற்றது, சாவு எண்ணத்தைக் கேட்டா அது இல்லாத ஆளுக்கும் அந்த எண்ணத்தைப் போட்டுக்குடுத்த மாதிரி ஆகாதா? எங்கட கழகத்தில பாதிப் பேர் அந்தப் பயத்தில அந்தப் பகுதியைத் தாளில போட வேணாம் எண்டு நிக்கிறாங்க.

நிந்தவூர் ராத்தா எழுதியது:

ரெண்டாவதுக்கு நான். கேக்கிறதால எண்ணம் வராது. இதைப் பல ஆய்வுகளில பார்த்திருக்கு. கேட்டா, தனிய வைச்சிருந்த ஒண்டை இறக்கி வைக்க இடம் கிடைக்குது. தாளில கட்டாயம் போடுங்க. ஆனா "தப்பா ஒண்டும் யோசிக்கல்லத்தானே?" எண்டு கேக்க வேணாம், அது இல்லை எண்ட பதிலை நாமளே வாயில வைக்கிறது. படியாக் கேளுங்க. "சீவியம் அலுத்துப் போச்சு எண்டு இருக்கா?" "விடியக்க முழிக்காமல் விட்டா நல்லம் எண்டு வருதா?" "உயிரை விடுவம் எண்டு நினைச்சயா?" "எப்படி எண்டு யோசிச்சு வைச்சிருக்கயா?" கடைசிக் கேள்விக்கு ஓம் எண்டா அண்டைக்கு அந்த ஆளைத் தனிய விடக்கூடாது. கிட்ட உள்ள ஆஸ்பத்திரி அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போறது, வாகனம் இல்லாட்டி 1990 சுவசெரிய அம்புலன்ஸ். கதைக்கிறதுக்கு 1926, அது தேசிய மனநல நிறுவனத்திண்ட இலக்கம், 24 மணித்தியாலமும். 1333-ம் இருக்கு.

கடன் எல்லாத்தையும் திடீரெண்டு தீர்க்கிறது, ஆசையா வைச்சிருந்த சாமானை ஆக்களுக்குக் குடுக்கிறது, நீண்ட நாள் இருண்டு கிடந்த ஆள் காரணமில்லாமல் அமைதியாகிறது, இதுகளைச் சுகம் எண்டு நினைக்க வேணாம்.

முயற்சி செஞ்ச ஆளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா பொலிஸ் கேஸ் எண்டு இன்னும் பயப்படுறாங்க. 1998-இல அந்தச் சட்டத்தை எடுத்தாச்சு, தற்கொலை முயற்சி இப்ப குற்றமில்ல. சுணக்காமல் கொண்டு போங்க.

போன் எடுக்கிற வீட்டாருக்கு ஒரு வரி. "சாப்பிட்டயா?" எண்டு கேட்டா "ஓம்" எண்டு வரும், அதில ஒண்டும் தெரியாது. "இண்டைக்கு என்ன கறி, எத்தனை மணிக்குச் சாப்பிட்ட, எத்தனை மணிக்கு முழிச்ச?" எண்டு கேளுங்க. மூண்டு நாள் பதிலைப் பக்கத்தில பக்கத்தில வைச்சாப் படம் தெளியும்.

கிளினிக்கொப்பி எழுதியது:

கிளினிக் எங்க எண்டது. துவங்கிற ரெண்டு மாசம் ஆள் எங்க தங்குறாரோ அங்க. அப்ப ரெண்டு கிழமைக்கு ஒருக்கா, சில வேளை கிழமைக்கு ஒருக்காக் கூப்பிடுவாங்க, ஒவ்வொருக்காவும் கொழும்பில இருந்து மட்டக்களப்புக்கு வந்து போறது நடக்காது. வெல்லவத்தை, தெஹிவளைப் பக்கம் இருக்கிறவங்களுக்குக் களுபோவில போதனா வைத்தியசாலை கிட்ட. தமிழில கதைக்கிற டொக்டர் இருக்கிறாரா எண்டு கேளுங்க. உடம்பு நோயை அரைகுறைச் சிங்களத்தில சொல்லிடலாம், "மனம் வெறிச்சோடிக் கிடக்கு" எண்டதைச் சொல்ல ஏலாது. ஆள் இல்லாட்டி, சொல்ல வேண்டியதைப் பத்து வரியில எழுதி மொழிபெயர்த்துக் கொண்டு போங்க. அதுவும் சரிவராட்டி முதல் ரெண்டு மாசம் லீவு எடுத்து ஊரில துவங்கிறது மேல்.

மறுகா ஊருக்கு மாத்தலாம், ஆனா முறையா மாத்த வேணும். கன பேருக்குக் குளிசை அறுந்து போறது இந்த மாத்திற இடைவெளியிலதான். கொழும்பில கடைசி நாளில மூண்டை வாங்குங்க: நோயும் மருந்தும் அளவும் எழுதின கடிதம், கிளினிக் கொப்பி, ஊரில முதல் கிளினிக் நாளைத் தாண்டியும் பத்து நாளைக்குக் காணக்கூடிய குளிசை. ஊரில பதியிற நாள் எது எண்டு தெரிஞ்ச பிறகுதான் கொழும்பு நாளைக் கைவிட வேணும். கொப்பியைப் போனால எல்லாப் பக்கமும் படம் பிடிச்சு வைச்சிருங்க, பஸ்ஸில தொலைஞ்ச கொப்பி கன பேரைத் துவக்கத்துக்குக் கொண்டு போயிருக்கு.

லீவுக் கணக்கையும் போடுங்க. கடை, அலுவலக ஊழியர் சட்டத்தில வருசத்துக்கு அமய லீவு (திடீர்த் தேவைக்கு எடுக்கிறது) ஏழு நாள்தான், வருடாந்த லீவு 14. முதல் வருசத்தில அமய லீவு ரெண்டு மாசத்துக்கு ஒண்டு எண்டுதான் சேரும். மாசக் கிளினிக் எண்டா 12 நாள் வேணும். அதனால டொக்டரிட்ட முதலே "வேலை செய்யிறன், சுகமான பிறகு ரெண்டு மாசத்துக்கு ஒருக்காத் தர ஏலுமா?" எண்டு கேளுங்க, ஆள் நிலையா இருந்தாத் தருவாங்க. ஊர் வாற நாள்களைப் போயா, திருவிழா, பெருநாள் லீவோட ஒட்டிப் போட்டு, அதுக்கு முந்தின அல்லது பிந்தின வேலை நாளில கிளினிக் வாற மாதிரிக் கேட்டு வாங்குங்க.

குளிசையை ஆர் வைச்சிருக்கிறது எண்டும் தாளில போடுங்க. சாவு எண்ணம் இருந்த ஆளெண்டா முழுப் பக்கெற்றும் அவரிட்ட வேணாம். ஒரு கிழமைக்கு உள்ளதை மட்டும் குடுத்து, மிச்சத்தை அறைக் கூட்டாளியோ, ஊரில எண்டா வீட்டில ஒரு ஆளோ வைச்சிருக்கட்டும். அந்தக் கூட்டாளி நம்பகமா இருந்தாப் போதும், அவருக்கு நோயிண்ட பெயர் தெரியத் தேவையில்ல. "இதை நீ வைச்சிரு, ஞாயிறு ஞாயிறு ஏழு எண்ணித் தா" எண்டு சொன்னாச் சரி.